பாக்கி உள்ளவர் பெயரே ஏட்டில் ஏறும்: ஈசூன் தோட்டமும் பிராஸ் பசா சிறையும்

சிங்கப்பூரின் வடபகுதியில் உள்ள ஈசூன் ஒரு நிர்வாகியின் பெயர் கொண்ட நகரம். லிம் நீ சூன் (1879–1936) அன்னாசியிலும் ரப்பரிலும் பெரும்பொருள் ஈட்டியவர். 1908இல் புக்கிட் செம்பவாங் ரப்பர் நிறுவனத்தின் முதல் பொது நிர்வாகியாகப் பொறுப்பேற்றவர். சான் சூ காங் என்று வழங்கிய கிராமம் 1930இல் அவர் பெயருக்கு மாறியது. பின்னாளில் அங்கே புதுநகர் எழுந்தபோது அதே பெயர் மாண்டரின் உச்சரிப்பில் ஈசூன் ஆயிற்று. அவர் மகன் பெயரிலும், அவருடைய தோங் ஐக், தோங் பீ நிறுவனங்களின் பெயரிலும் சாலைகள் உண்டு. அந்த வட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்கள் இந்தப் பெயர்ப்பலகைகளில் இல்லை.

இதை அநீதி என்று சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது. அநீதிதான். ஆனால் ஒரு வேலையைத் திறமையான கைகளிடம் ஒப்படைத்தவருக்கு எந்த அளவு புகழ் உரியது, செய்தவர்க்கு உரியது எந்த வழியாக நழுவிப்போகிறது என்பதை அந்தச் சொல் விளக்குவதில்லை. நிர்வாகியின் பேராசையோ மேட்டிமையோ மட்டும் இதற்குக் காரணம் என்று நான் கருதவில்லை. பெயர்கள் எந்த ஏட்டில், எதற்காக எழுதப்பட்டன என்பதில்தான் விடை இருக்கிறது.

முதலில் தோட்டத்தைப் பார்ப்போம். பால்மரம் சீவுவது முரட்டு வேலை என்று வெளியார் நினைப்பார்கள். மரத்துக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்காலையிலேயே கோடு சீவப்பட வேண்டும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். பால்குழாய்கள் பட்டையின் உள்ளடுக்கில் நெருங்கிக் கிடக்கின்றன. அதற்கும் உள்ளே, மயிரிழைத் தொலைவில், மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் இருக்கிறது. கத்தி அதைத் தொட்டால் காயம் முடிச்சிட்டுப் புடைத்துவிடும்; புதுப்பட்டை சீராக வளராது; அந்த இடத்தில் மறுபடி நேரான கோடு போட முடியாது. பயந்து மேலாகச் சீவினால் மங்கு நிறையாது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி 1890களில், மரத்தைக் கொல்லாமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அந்த முறை தோட்டத்தில் உயிரோடு இருந்தது வெட்டுக்காரர்களின் மணிக்கட்டில். ஒருவர் ஒரு காலையில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவும்போது துரையோ கிராணியோ கங்காணியோ ஒவ்வொரு வெட்டையும் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. நம்பி விடுவதைத் தவிர நிர்வாகத்துக்கு வேறு வழி கிடையாது. அந்த நம்பிக்கையின் பலன் ஆண்டறிக்கையில் தோட்டத்தின் விளைச்சல் என்று ஒரே எண்ணாக ஏறியது.

இதே உறவை இன்னும் கூர்மையாகக் காட்டும் சான்று நகரின் நடுவே இருக்கிறது. 1824ஆம் ஆண்டு ஆங்கில–டச்சு உடன்படிக்கைக்குப் பின் சுமத்ராத் தீவின் பென்கூலனைக் கைவிட்ட ஆங்கிலேயர், அங்கே தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த இந்தியக் கைதிகளை 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தனர். முதலில் வந்தவர்கள் சென்னை மாகாணத்தவர், அடுத்து வங்காளத்தவர். சாலை வெட்டுதல், சதுப்பு தூர்த்தல், கல் உடைத்தல், செங்கல் சுடுதல், தச்சு, கொல்லு என நகரின் அடிப்படை வேலைகள் 1873இல் அந்தச் சிறை கலைக்கப்படும் வரை அவர்கள் கையில் இருந்தன. பிராஸ் பசாவில் தங்களை அடைத்துவைத்த சிறையையும் அவர்களே கட்டினார்கள்.

அந்தச் சிறையை நடத்திய முறைதான் நம் ஆய்வுக்கு முக்கியம். கைதிகள் ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒழுங்காக நடந்தவர் மேல்வகுப்புக்கு ஏறலாம், சங்கிலி கழலும், பியூன் ஆகலாம், தண்டல் ஆகலாம், சக கைதிகளை வேலைக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு கிடைக்கும். வெளியிலிருந்து கூலிக்கு அமர்த்திய காவலர்களுக்குப் பதிலாகக் கைதிகளே காவல் காத்தார்கள். பொறியாளராகவும் கைதிகளின் கண்காணிப்பாளராகவும் இருந்த ஜே. எஃப். ஏ. மெக்நேர், டபிள்யூ. டி. பேலிஸ் என்பவருடன் சேர்ந்து 1899இல் இம்முறையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கைதிகளே தமக்குக் காவலர் என்பதுதான் அதன் தலைப்பின் பொருள்.

அவர்களுடைய கைத்திறனைப் புனித ஆண்ட்ரூ பேராலயத்துக்குள் இன்றும் பார்க்கலாம். ரொனால்ட் மெக்பெர்சன் வரைந்த திட்டப்படி 1856இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1862 ஜனவரியில் அருட்பொழிவு செய்யப்பட்ட கட்டடம் அது. உட்சுவர்களின் பூச்சு சென்னைச் சாந்து. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, கருப்பட்டி போன்ற நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றைத் தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, அடித்துப் பசையாக்கிப் பூசினார்கள். காய்ந்தபின் வழுவழுப்பான கல்லால் தேய்த்து, மாக்கல் பொடி தூவி மீண்டும் மெருகேற்றினார்கள். சோழமண்டலக் கரையில் வீடு கட்டிய எவருக்கும் இது பழகிய வேலை. மேலைநாட்டில் படித்த பொறியாளருக்குப் பழகியதல்ல. சாந்தின் பதம், எப்போது தேய்க்கத் தொடங்குவது, ஈரம் எவ்வளவு எஞ்சியிருக்க வேண்டும் என்பவை திட்ட வரைபடத்தில் எழுதப்படுபவையல்ல. செய்முறையை மெக்நேர் தம் நூலில் குறித்துவைத்தார். பதம் பார்த்தவர்களின் பெயரைக் குறிக்கவில்லை.

அந்தப் பேராலயத்தின் கண்ணாடிச் சாளரங்கள் ராஃபிள்ஸ், கிராஃபர்ட், பட்டர்வொர்த், மெக்பெர்சன் ஆகியோரின் நினைவுக்கு உரியவை. மெக்பெர்சன் பெயரிலும் மெக்நேர் பெயரிலும் சாலைகள் இருக்கின்றன. கைதிகளை முதலில் கட்டட வேலைக்கு நடத்திய ஜார்ஜ் கோல்மனுக்குத் தெருவும் பாலமும் உண்டு.

இங்கே இரண்டு வாதங்கள் வழக்கமாக மோதும். கட்டியது மேற்பார்வையாளர்தான், மற்றவை கைகள் மட்டுமே என்பது பழைய காலனிய வாதம். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை, அடிமை உழைப்பில் பெயர் வாங்கினார்கள் என்பது அதற்கு எதிர்வாதம். இரண்டாவதில் உள்ள நியாயமான கோபத்தை நான் பகிர்ந்துகொள்கிறேன். ஆனால் வரலாறாக அது போதாது. பல மொழி, பல சாதி, கொலைக்குற்றம் சாட்டப்பட்டவர் முதல் வழிப்பறிக்காரர் வரை கலந்த ஒரு கூட்டத்திடம் காவலையே ஒப்படைத்து, அவர்களுக்குள் இருந்த கொத்தனையும் தச்சனையும் அடையாளம் கண்டு ஏற்றிவிடுவது எளிதான நிர்வாகமல்ல. அதைச் செய்தவருக்கு அந்தச் செயலுக்கான புகழ் உரியதே. சிக்கல் அடுத்த படியில் வருகிறது: ஒப்படைத்ததற்கான புகழும், ஒப்படைக்கப்பட்ட வேலைக்கான புகழும் ஒரே பெயரில் வரவு வைக்கப்பட்டுவிடுகின்றன.

கைதிகளின் பெயர்கள் தெரியாததால் அப்படி ஆயிற்று என்று ஒரு சமாதானம் சொல்லப்படலாம். அது நிற்காது. ஒவ்வொரு கைதியின் பெயர், எண், சாதி, குற்றம், தண்டனைக் காலம், உடல் அடையாளம் ஆகியவற்றுக்குப் பதிவேடு இருந்தது. வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் 1849இல் சட்டம் நீக்கும் வரை, ஆயுள் கைதிகளின் நெற்றியிலேயே குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பினார்கள். உலகில் வேறெந்தக் கொத்தனாரின் அடையாளமும் இவ்வளவு கவனமாகப் பதியப்பட்டிருக்காது. ஆகவே பெயர் அரசிடம் இருந்தது. ஆனால் அது காவலுக்கான ஏட்டில் இருந்தது. அந்த மனிதரிடமிருந்து அரசுக்கு வர வேண்டியது தண்டனைக் காலம். அந்தக் கணக்கு முடியும் வரை பெயர் வேண்டும். பேராலயச் சுவருக்காக அவருக்கு அரசு எதுவும் பாக்கி வைத்திருக்கவில்லை என்று கருதப்பட்டதால், அந்தக் கணக்கில் அவர் பெயர் ஏறவில்லை.

பாக்கிக்கும் பெயருக்கும் உள்ள இந்தத் தொடர்பைத் தஞ்சைப் பெரியகோயில் மறுபுறமிருந்து மெய்ப்பிக்கிறது. 1010இல் நிறைவெய்திய அக்கோயிலைக் கட்டியவன் இராசராசன் என்றுதான் நாம் சொல்கிறோம். ஆனால் கல்வெட்டு அதோடு நிற்பதில்லை. தான் கொடுத்ததையும் தமக்கை குந்தவை கொடுத்ததையும் மற்றவர் கொடுத்ததையும் தனித்தனியே கல்லில் வெட்டச் சொன்னான் அரசன். திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தவன் சேனாபதி கிருஷ்ணன் ராமன் என்று அது சொல்கிறது. குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனும், அவனோடு நித்தவினோதப் பெருந்தச்சனும் கண்டராதித்தப் பெருந்தச்சனும் பெயரோடு வருகிறார்கள். நானூறு தளிச்சேரிப் பெண்டுகள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்பது வரை பட்டியல் நீள்கிறது.

தமிழர் மன்னனின் பெருந்தன்மைக்குச் சான்றாக இதை எடுத்துக்காட்டுவது வழக்கம். பெருந்தன்மை இருந்திருக்கலாம். ஆனால் பட்டியலின் வடிவத்தைப் பாருங்கள்: ஒவ்வொரு பெயருக்கும் பங்கு குறிக்கப்பட்டிருக்கிறது, தளிச்சேரிப் பெண்டு ஒருத்திக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். பெருந்தச்சனின் பெயரும் பங்கு பெறுவோர் வரிசையில்தான் இருக்கிறது. கோயில் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது; ஒருவர் இறந்தால் அல்லது வெளியேறினால் அப்பங்கு யாருக்குச் சேரும் என்பது வரை வரையறுக்க வேண்டியிருந்தது; எனவே பெயர் கல்லில் ஏறியது. அதே விமானத்துக்குக் கல் சுமந்தவர்க்கும் சிற்பம் செதுக்கிய நூற்றுக்கணக்கானவர்க்கும் தொடர்ந்த பங்கு இல்லை. அவர்கள் பெயர் இல்லை. இராசராசனின் கல்வெட்டும் பிராஸ் பசாவின் பதிவேடும் ஒரே விதிப்படி நடந்தவை.

இந்த வாதத்துக்குள் அடங்காத ஒன்றும் இருக்கிறது. சிராங்கூன் சாலை வட்டாரத்தில் அரசு செங்கற்சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. கைதிகள் சுட்ட செங்கல் 1867 ஆக்ரா கண்காட்சியில் பதக்கம் பெற்றது. காளவாய் வேலைக்காரர்கள் வழிபட்ட வீரமாகாளியம்மன் கோயிலை அக்காலத் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றே அழைத்தார்கள். இந்தப் பெயரை எந்த ஏடும் சூட்டவில்லை; எந்த நிர்வாகியும் இதில் இல்லை. வேலை செய்தவர்கள் தம் வேலையைக் கொண்டே ஓர் இடத்துக்குப் பெயரிட்டார்கள். ஆனால் அது தனிமனிதரைக் காப்பாற்றவில்லை. தொழிலை மட்டும் காப்பாற்றியது. அதிகாரப் பெயர்ப்பலகை வந்தபின் அதுவும் முதியோர் பேச்சுக்குள் சுருங்கிவிட்டது.

மீண்டும் ஈசூனுக்கு வருவோம். ஈசூன் குளத்தருகே 2010இல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனை தோட்டங்களுக்குப் பேர்போனது. அதன் பெயர், செல்வந்தர் கூ டெக் புவாட்டின் குடும்பத்தார் வழங்கிய 12.5 கோடி வெள்ளி நன்கொடையால் வந்தது. அதன் பசுமைக் கனவு, அன்றைய தலைமை நிர்வாகி லியாக் டெங் லிட்டின் பெயரோடு பேசப்படுகிறது. வடிவமைப்பு சிபிஜி கன்சல்டன்ட்ஸ் நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது. மொட்டைமாடியில் காய்கறி வளர்த்த தொண்டூழியர்கள் கூட்டாகவே குறிப்பிடப்படுகிறார்கள். கொடையாளருக்கு நன்றிக்கடன், நிர்வாகிக்குப் பொறுப்பின் கணக்கு, வடிவமைப்பாளருக்கு ஒப்பந்தம். தொண்டூழியர்க்கு எந்தப் பாக்கியும் கிடையாது. இதில் எவரும் எவருடைய புகழையும் திருடவில்லை. லியாக் ஊழியர்களின் பங்கை மறைத்தவரும் அல்லர். ஆனாலும் பெயர்கள் அதே வரிசையில்தான் நின்றன.

எனவே நல்ல மனம் படைத்த நிர்வாகியை மட்டும் நம்பியிருப்பது பயன் தராது. மெக்நேர் கைதிகளின் திறமையை மனமாரப் பாராட்டியவர். அந்தப் பாராட்டு அவர்களைப் பெயரற்ற கூட்டமாகவே விட்டுவைத்தது. ஒப்படைக்கும்போதே செய்பவருக்கு ஏதோ ஒரு பங்கு எழுத்தில் உரியதாக்கப்பட வேண்டும்: ஊக்கத்தொகையில், காப்புரிமையில், வரைபடத்தின் கையொப்பத்தில், கட்டடத்தின் கல்லில். அந்தப் பங்கு நிர்வாகியின் பெயரைக் குறைக்காது. மெக்பெர்சனின் சாளரத்துக்கு அருகே சாந்து பூசியவரின் பெயர் இருந்திருந்தால் மெக்பெர்சனுக்கு இழப்பு ஒன்றும் இல்லை.

தோட்டத்தைப் பொறுத்தவரை இந்த விதி ஒரு வழியையும் திறந்துவைக்கிறது. கைதிக்கு இல்லாத ஒன்று பால்வெட்டுக்காரருக்கு இருந்தது: கூலி. கூலி கொடுக்க நாள்தோறும் பேர் வாசித்து, எடை போட்ட பாலை அவரவர் பெயரில் எழுதியாக வேண்டும். வட வட்டாரத் தோட்டங்களைப் பற்றிய ஆய்வு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலிருந்து தொடங்குவதை விட்டு, கிராணி எழுதிய கூலிக் கணக்குகள் எங்கெல்லாம் எஞ்சியிருக்கின்றனவோ அங்கிருந்து தொடங்க வேண்டும். அவற்றோடு தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும், கோயில்களின் உபயப் பட்டியல்களையும், குறிப்பாக ஈசூனில் இன்றும் பங்குனி உத்திரம் நடக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தைப் போன்ற, வடக்கின் உழைப்பாளிகளோடு வளர்ந்த ஆலயங்களின் பழைய கணக்குகளையும் வைத்து ஒப்பிட வேண்டும். எந்த மரவரிசையை யார் சீவினார் என்பது அந்த ஏடுகளில் ஒரு காலத்தில் எழுதப்பட்டது.