சொட்டியதை ஏந்திய தட்டு

கோழித் துண்டுகளையும் காய்களையும் ஒரே தட்டில் பரப்பி, எண்ணெயும் உப்பும் மிளகும் பிசறி ‘அவன்’ அடுப்புக்குள் தள்ளிவிட்டால் முக்கால் மணி நேரத்தில் இரவுச் சாப்பாடு தயார். எண்ணெய் குறைவு, காய் அதிகம், கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்று. உடம்பைப் பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இதைவிட எளிய சமையல் அதிகம் இல்லை. கோழியின் குணத்தையும் காயின் சத்தையும் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். அடியில் கிடக்கும் தட்டைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. இந்தச் சாப்பாட்டின் ருசிக்கும் நலத்துக்கும் பாதிக் காரணம் அந்தத் தட்டுதான் என்பது என் எண்ணம். அது வந்த வழியும் நீளமானது.

லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் நதிக்கரையில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை இருக்கிறது. 1530ஐ ஒட்டி எட்டாம் ஹென்றி விரிவாக்கிய சமையற்கூடத்தை அங்கே இன்றும் பார்க்கலாம். ஆள் உள்ளே போய் நிற்கும் அளவுக்குப் பெரிய அடுப்புகள். மாட்டிறைச்சியை நீண்ட இரும்புக் கம்பியில் செருகி, நெருப்புக்கு மேலே அல்ல, நெருப்புக்கு முன்னால் வைத்துச் சுற்றினார்கள். இந்த முன்னால் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மேலே வைத்தால் கொழுப்பு தணலில் விழுந்து புகையும், கறி கசக்கும். முன்னால் வைத்தால் அனல் பக்கவாட்டில் பட்டு இறைச்சி வேகும். உருகிய கொழுப்பு நேரே கீழே சொட்டும். சொட்டும் இடத்தில் ஒரு தட்டு.

இரும்பில் செய்த நீளமான தட்டு அது. ஆழம் குறைவு. தரையிலிருந்து சற்றே உயர்த்தி நிறுத்தக் குட்டைக் கால்கள். சிலவற்றில் நடுவே ஒரு குழி. கொழுப்பெல்லாம் அதில் வழிந்து சேரும். நீண்ட காம்புக் கரண்டியால் அதை மொண்டு திரும்பத் திரும்ப இறைச்சிமேல் ஊற்றுவார்கள். மேற்புறம் காயாமல், நிறம் ஏறிப் பளபளக்க இதுதான் வழி. ஆக, ஏந்துவதோடு அதன் வேலை முடியவில்லை. இறைச்சியிலிருந்து இறங்கியதை இறைச்சிக்கே திருப்பிக் கொடுத்தது.

கம்பியைச் சுற்றியவர்கள் கதை தனி. முதலில் சிறுவர்கள் அனலில் வெந்துகொண்டே மணிக்கணக்கில் சுற்றினார்கள். அரண்மனைச் சமையற்கட்டுப் பையன்கள் அம்மணமாகவோ அழுக்குக் கந்தலிலோ திரியக் கூடாது என்று 1526இல் ஒரு விதியே போட வேண்டியிருந்தது. பிறகு நாய்கள் வந்தன. குட்டைக் கால், நீண்ட உடம்பு. சுவரில் பொருத்திய சக்கரத்துக்குள் ஓட விட்டால் சங்கிலி வழியே கம்பி சுழலும். 1576இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ஜான் கயஸின் நாய்கள் பற்றிய நூலில் இந்த இனமும் இடம்பெற்றிருக்கிறது. வேலை போனதும் இனமும் அழிந்துவிட்டது. பாடம் செய்யப்பட்ட ஒன்றை வேல்ஸின் அபெர்கவென்னி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நாய்க்குப் பின் எடைக்கல்லால் இயங்கும் பொறி, புகையின் வேகத்தில் சுழலும் விசிறி, சாவி கொடுத்த கடிகாரப் பொறி என்று மாறிக்கொண்டே போனது. தட்டு மட்டும் மாறவில்லை.

அந்தத் தட்டில் சேர்ந்தது யாருக்குச் சொந்தம்? என்னை அதிகம் யோசிக்க வைப்பது இந்தக் கேள்விதான். பெரிய வீடுகளில் இறைச்சி எஜமானின் மேசைக்குப் போனது. சொட்டிய கொழுப்பு சமையற்காரியின் பங்கு. சம்பளத்தோடு சேர்ந்த உரிமையாகவே அதைக் கருதினார்கள். ஆறி உறைந்ததும் அவள் அதைப் பின்வாசலில் விற்றாள். வெண்ணெய்க்கு வழியில்லாத ஏழைக் குடும்பங்கள் வாங்கி ரொட்டியில் தடவி உப்புத் தூவிச் சாப்பிட்டன. உழைப்பாளிகளின் காலை உணவாக அது இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் நீடித்தது. கறியின் ருசி எட்டாத வாய்களுக்கு அதன் மணமாவது எட்டியதென்றால் இந்தத் தட்டின் வழியேதான். அடிக்கடி மொண்டு ஊற்றினால் இறைச்சி நன்றாக வரும். ஊற்றாமல் விட்டால் விற்கக் கொழுப்பு மிஞ்சும். எஜமானிக்கும் சமையற்காரிக்கும் இடையே இது தீராத சச்சரவு.

வடக்கு இங்கிலாந்தில் யாரோ ஒருத்தி இன்னொன்று செய்தாள். மாவும் முட்டையும் பாலும் கரைத்து அந்தத் தட்டிலேயே ஊற்றி, சுழலும் இறைச்சிக்கு அடியில் வைத்தாள். மேலிருந்து கொழுப்பு சொட்டச் சொட்ட மாவு வெந்து உப்பியது. 1737இல் வந்த ஒரு சமையல் நூலில் இந்தச் செய்முறை அச்சாகியிருக்கிறது. பத்தாண்டு கழித்து, 1747இல், ஹன்னா கிளாஸ் தம் புகழ்பெற்ற நூலில் யார்க்‌ஷயரின் பெயரைச் சொல்லியே எழுதினார். யார்க்‌ஷயர் வீடுகளில் முதலில் இதைக் கொடுத்து வயிற்றைப் பாதி நிரப்பிவிட்டுப் பிறகுதான் இறைச்சியைப் பரிமாறுவது வழக்கம். கொஞ்சம் இறைச்சியில் நிறையப் பேர் சாப்பிடலாம். சொட்டியதை வாங்கிக்கொண்ட தட்டு சமைக்கும் தட்டானது இந்த இடத்தில்தான். இறைச்சியின் அடியில் வேறொன்றை வைத்து, விழுவதை அது உறிஞ்சும்படி செய்வது: இன்றைய ஒரு தட்டுச் சமையலின் கரு முழுவதும் இதில் இருக்கிறது.

காய்கள் வந்து சேர்ந்தது அவன் வழியாக. ஊர்ப்புறத்து ஏழைகள் பலருக்கு வீட்டில் அவன் கிடையாது, ரொட்டிக்கடையில்தான் உண்டு. பிரான்ஸில், வெங்காயமும் உருளைக்கிழங்கும் மெல்லியதாக அரிந்து தட்டில் அடுக்கி, மேலே ஆட்டுத் தொடையை வைத்து ரொட்டிக்காரரிடம் கொடுப்பார்கள். ரொட்டி சுட்டு முடிந்த அவனில் மீதமிருக்கும் சூட்டில் அது வெந்துவிடும். அந்த உருளைக்கிழங்குப் பதார்த்தத்துக்கு இன்றும் ரொட்டிக்காரரின் பெயர்தான். லண்டனிலும் இதே கதை. 1843இல் வெளிவந்த டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையில் கிராட்சிட் குடும்பத்தின் வாத்து ரொட்டிக்கடையில்தான் வேகிறது. தெருவெங்கும் ஏழைகள் தங்கள் சாப்பாட்டைக் கடைக்குச் சுமந்துபோகும் காட்சியும் அதில் வருகிறது.

வசதியானவர்கள் அவனில் வைத்த இறைச்சியை மதிக்கவில்லை. நெருப்புக்கு முன் சுற்றியதுதான் அவர்களுக்கு உண்மையான சுட்ட இறைச்சி. அந்த வெறுப்பில் நியாயம் இருந்தது. மூடிய பெட்டிக்குள் ஆவி நிறைந்து இறைச்சி அவிந்துபோகும். தகட்டில் தெறித்த கொழுப்பு கருகி அந்த நாற்றம் கறியில் ஏறும். இரண்டு குறைகளையும் ஒருசேர எடுத்துக்கொண்டு தீர்க்க முயன்றவர் ரம்ஃபோர்டு பிரபு. 1753இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பெஞ்சமின் தாம்சனாகப் பிறந்து, பவேரியாவில் பிரபு பட்டம் பெற்ற விஞ்ஞானி. பீரங்கிக் குழாயைக் குடையும்போது எழும் வெப்பத்தைக் கவனித்து, வெப்பம் என்பது இயக்கமே என்று வாதிட்டவர் இவர்தான். அதே கவனத்தைச் சமையற்கட்டிலும் செலுத்தினார். உருளை வடிவ இரும்புப் பெட்டி. அடியில் குழாய்கள் வழியே சூடான காற்று உள்ளே புகுந்து, ஆவியைத் தள்ளிக்கொண்டு மேலே வெளியேறும். கொழுப்பு விழும் தட்டுக்கு அடியில் தண்ணீர். அது இருக்கும்வரை தட்டு கொதிநிலையைத் தாண்டிச் சுடாது, கொழுப்பும் கருகாது. இன்று விசிறி வைத்த அவனை வாங்குபவர்கள் ஏறக்குறைய இந்த ஏற்பாட்டைத்தான் வாங்குகிறார்கள்.

அதன் பிறகு நடந்தவை வேகமானவை. வார்ப்பிரும்பு அடுப்போடு சேர்ந்த அவன்கள், 1826இல் ஜேம்ஸ் ஷார்ப் காப்புரிமை பெற்ற கேஸ் அடுப்பு என்று வந்தன. 1923இல் பிரிட்டனில் வந்த ரெகுலோ என்ற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பெரிய மாற்றம். எண்ணைத் திருப்பி வைத்தால் சூடு அந்த அளவிலேயே நிற்கும். கையை உள்ளே நீட்டிச் சூட்டை ஊகிக்க வேண்டியதில்லை. தட்டை வைத்துவிட்டுச் சமையற்கட்டை விட்டு வெளியே போக முடிந்தது அதற்குப் பிறகுதான்.

அதே 1923இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் சீலியா ஸ்டீல் என்ற பெண் 50 கோழிக்குஞ்சுக்குச் சொல்லிவிட, தவறுதலாக 500 வந்து சேர்ந்தன. அவர் திருப்பி அனுப்பவில்லை; வளர்த்துக் கறிக்கு விற்றார். முட்டைக்காக அன்றி இறைச்சிக்காகவே கோழி வளர்க்கும் தொழில் அங்கே அதிலிருந்து தழைத்தது. 1948இல் ‘நாளைய கோழி’ என்ற பெயரில் தேசியப் போட்டி நடத்தி, மார்பும் தொடையும் பருத்து விரைவில் வளரும் இனத்தைத் தேடினார்கள். நம் பல்லடம் பண்ணைகளில் வளரும் பிராய்லரும் அந்தத் தேடலின் வழியில் வந்ததே. அந்த வேகமான வளர்ப்பில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நாட்டுக்கோழியின் ருசி அதில் இல்லை. ஆனால் தட்டின் கதையில் அதற்கு இடம் உண்டு. மாட்டுத் தொடை வேக மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் கேரட் கரைந்துவிடும். முற்றிய கோழிக்குக் குழம்புதான் சரி. இளம் பிராய்லரின் தொடைக்கும் உருளைக்கிழங்குக்கும் ஏறக்குறைய ஒரே நேரம். இரண்டும் ஒரே தட்டில் சேர முடிந்தது அதனால்தான்.

கடைசி மாற்றம் தட்டின் விளிம்பில். ஆழமான தட்டில் காய் விட்ட நீர் ஆவியாகி அங்கேயே சுற்றும்; காய் அவியும், சிவக்காது. பேக்கரிகளில் பிஸ்கட்டும் கேக்கும் சுடும் அலுமினியத் தட்டு ஓர் அங்குலம்தான் உயரம். ஆவி நிற்க இடமில்லை. 18 அங்குலத்துக்கு 13 அங்குலம் அளவுள்ளது வீட்டு அவனில் சரியாக அமர்ந்தது. 2014இல் மோலி கில்பர்ட் முழுக்க முழுக்க இந்தத் தட்டுச் சாப்பாட்டுக்கென்றே ஒரு நூல் எழுதினார். கால்களோடு அடுப்படியில் நின்ற இரும்புத் தட்டு அந்தக் காலத்துக்குள் முழுச் சாப்பாடாகவே ஆகிவிட்டிருந்தது.

இனி சமையல். எலும்போடும் தோலோடும் கோழித் தொடை ஒரு கிலோ. நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே தோலை உரித்துவிடுவார்கள். முன்பே சொல்லி வையுங்கள். தோல்தான் கறியைக் காயாமல் காக்கும். சாப்பிடும்போது வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். கோழிக் கொழுப்பில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கேரட்டின் கரோட்டினை உடம்பு ஏற்கக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். அதைக் கோழியே கொடுத்துவிடுகிறது. அதனால் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி போதும். கறியைக் குழாயடியில் கழுவ வேண்டாம். தெறிக்கும் நீரில் கிருமி பரவும். தாளால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஈரம் போகாமல் தோல் சிவக்காது.

உருளையும் கேரட்டும் ஓர் அங்குலத் துண்டுகள், வெங்காயம் நான்காக, பூண்டு தோலோடு. உப்பு, மிளகு, எலுமிச்சைச் சாறு. துண்டுகளுக்கு இடையே விரலளவு இடைவெளி விடுங்கள். நெருக்கினால் எல்லாம் அவிந்துவிடும். வீட்டில் உள்ள ஓடிஜி அவன் சிறியதென்றால் அளவைப் பாதியாக்குங்கள். நன்றாகச் சூடான 220 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம். குடைமிளகாய், பீன்ஸ் போன்றவற்றைப் பாதியில் சேர்த்தால் போதும். எலும்பை ஒட்டிய கறி 74 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். உருளை பொன்னிறத்தோடு நிற்கட்டும். மாவுச்சத்துள்ளவை அதிகம் கருகும்போது அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உண்டாவதை 2002இல் சுவீடன் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். கோழி வெந்தும் காய் கடினமாக இருந்தால், கோழியை எடுத்து மூடி வைத்துவிட்டு, தட்டில் மிஞ்சிய கொழுப்பில் பாதியை வடித்து, காயை மட்டும் ஒரு புரட்டுப் புரட்டி இன்னும் பத்து நிமிடம் உள்ளே வையுங்கள்.