ஓடாத வண்டிக்கு என்ன விலை?

மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் கூடுகிற சந்தையில் மாடு வாங்கப் போகிறவர் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பல் வயதைச் சொல்லிவிடும். பிறகு சுழி பார்ப்பார், குளம்பு பார்ப்பார், கயிற்றைப் பிடித்து நாலு அடி நடத்திப் பார்ப்பார். "இந்தக் காளை பிறந்த நாள் முதல் ஏர் இழுத்ததில்லை, வண்டி பூட்டியதில்லை, தொழுவத்திலேயே நிற்கிறது. ஆகையால் இரட்டிப்பு விலை கொடும்" என்று யாராவது கேட்டால் சந்தையே சிரிக்கும். வேலை பழகாத மாட்டுக்கு விலை குறையுமே தவிரக் கூடாது.

ஆனால் மோட்டார்ச் சந்தையில் நியாயம் வேறு. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் வந்த வேகமான கார்களில் ஒன்று, இருபது இருபத்தைந்து வருஷத்தில் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடி, உறை போர்த்திய கோலத்தில் ஒரு வீட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே வருகிறது. சொந்தக்காரர் சொல்லும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதே மாதிரி, அதே வருஷத்து வண்டி, ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியது, அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்க ஆளில்லாமல் நிற்கிறது. வித்தியாசம் நியாயமானதுதானா? ஓடாமல் நின்றதற்கு இவ்வளவு சன்மானமா?

இந்த வழக்கம் நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் பெப்பிள் பீச் என்னும் இடத்தில் 1995-ஆம் ஆண்டு செய்யப்பட்ட மெக்லாரன் எஃப் 1 கார் ஒன்று ஏலத்துக்கு வந்தது. இருபத்தாறு வருஷத்தில் அது ஓடியிருந்த தூரம் நானூறு கிலோமீட்டருக்கும் குறைவு. திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு ஒரு தடவை போய்த் திரும்பி, பிறகு கன்னியாகுமரிக்கு ஒரு நடை போனால் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். அந்தக் கார் இரண்டு கோடி டாலருக்கு மேல் விலை போயிற்று. உலகத்தின் மிக வேகமான கார்களில் ஒன்று என்று பெயர் பெற்ற வண்டிக்கு, அது ஓடவே இல்லை என்பதற்காக இவ்வளவு விலை! இதில் உள்ள வேடிக்கையை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் இந்த எண்ணம் எப்படி வளர்ந்தது என்று பார்க்கலாம். மோட்டார் இங்கே வந்த காலத்தில் வண்டியின் மதிப்பு அது ஓடுவதில்தான் இருந்தது. நாங்குநேரிப் பக்கத்துத் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரைக்குப் போய் பஸ் தொழில் தொடங்கினார். அவருடைய பஸ்கள் சொன்ன நேரத்துக்கு வரும், சொன்ன நேரத்துக்குப் போகும் என்பதே அவருக்கு மூலதனம். இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமற் போனபோது, கரியிலிருந்து வாயு உண்டாக்கி வண்டியை ஓட்டும் சாதனத்தை அவருடைய நிறுவனம் செய்து கொடுத்தது. எப்படியாவது வண்டி ஓட வேண்டும். நின்ற வண்டி நஷ்டம். அந்தத் தலைமுறையின் கணக்கு அவ்வளவுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு கணக்கு மாறியது. 1953-இல் அரசாங்கம் வகுத்த கொள்கையின்படி, உள்நாட்டிலேயே முழுவதும் உற்பத்தி செய்ய முன்வராத அந்நியக் கம்பெனிகளுக்கு இங்கே இடமில்லாமல் போயிற்று. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. மிஞ்சியவை கல்கத்தாப் பக்கத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு. 1959-இல் கார் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர், பேர் பதிந்து வண்டி பெற்றவரிடம் கூடுதல் பணம் கொடுத்து வாங்கினார். புதுக் காரைவிடப் பழைய கார் விலை அதிகம் என்ற விசித்திரத்தை நாம் நம் கண்ணால் பார்த்தோம். "அதிகம் ஓடாத வண்டி" என்ற வார்த்தைக்கு நம் நாட்டில் முதல் மவுசு அப்போதுதான் ஏற்பட்டது. அந்த மவுசு வண்டியின் குணத்தால் வந்ததல்ல, பஞ்சத்தால் வந்தது.

அந்தக் காலத்தின் கடைசியில் வேக வண்டி என்ற ஆசை தலை காட்டியது. 1984-இல் வந்த கான்டெஸ்ஸா பார்வைக்குப் பந்தயக் குதிரை. உள்ளே முதலில் வைத்திருந்ததோ அம்பாஸடரின் ஒன்றரை லிட்டர் இயந்திரம். ஸ்டாண்டர்டு கம்பெனியார் 1985-இல் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு 2000 என்ற காருக்கு இங்கிலாந்தின் ரோவர் காருடைய அழகான உடம்பு. இயந்திரம் பழைய காலத்து வான்கார்டு வம்சம். புலித் தோல் போர்த்திய பசு என்றால் பசு கோபித்துக் கொள்ளும். 1983 டிசம்பர் 14-இல் முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி ஒரு சாதாரணக் குடிமகன் கையில் கொடுத்தார். 10,000 ரூபாய் முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் லட்சத்துக்கு மேல். அதன் பிறகே நம்மவர்களுக்குச் சிறிய, சுறுசுறுப்பான காரின் ருசி தெரிந்தது.

உண்மையான வேக வண்டிகள் 1990-களின் பிற்பகுதியில்தான் வந்தன. திருவள்ளூரில் மிட்ஸுபிஷி லான்ஸர், மறைமலை நகரில் ஃபோர்டு ஐக்கான், 2001-இல் நூறு குதிரைச் சக்தியுள்ள ஃபியட் பாலியோ 1.6, அதே காலத்தில் ஹோண்டா ஸிட்டியின் வி-டெக். பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் டாக்டர்களும் வக்கீல்களும் இவற்றை வாங்கினார்கள். நாலு வழிச் சாலை வராத அந்த நாளில் கயத்தாறு தாண்டி இவற்றை விரட்டிப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசும்போது பத்து வயது குறைந்து போகிறார்கள். பத்து வருஷம் கழிந்ததும் இவை ஒரு லட்சத்துக்கும் கீழே விலை போயின; பல இரும்புக் கடைக்குப் போயின. அப்படிப் போகாமல் தப்பியவைதான் இப்போது "அபூர்வம்" என்று பெயர் மாற்றிக்கொண்டு வருகின்றன.

இனி, விலை கேட்கிறவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. லான்ஸர் இப்போது இங்கே செய்யப்படுவதில்லை. ஃபியட் கார் விற்பனை நின்றுவிட்டது. ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்திக்கொள்வதாக 2021-இல் அறிவித்தது. இயந்திரத்தைப் பிரித்துக் கட்ட நம் ஊர்ப் பட்டறைகளில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உடைந்த விளக்குக் கண்ணாடியையும், வெளுத்துப்போன உள்பக்கத்துப் பிளாஸ்டிக்கையும், அந்த வருஷத்து ஆசனத் துணியையும் யார் செய்து தருவார்கள்? அதிகம் ஓடாத வண்டியில் இவையெல்லாம் பிறந்த மேனிக்கு இருக்கும். இழந்தால் திரும்பக் கிடைக்காத பொருள் முழுமையாக இருப்பதற்கு ஒரு விலை கொடுப்பது அநியாயமல்ல.

நிற்க. ஓடாத தூரத்துக்கும் கெடாத நிலைக்கும் நேரான சம்பந்தம் உண்டா என்பதுதான் கேள்வி. நம் ஊரிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. நெல்லையப்பர் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி மாதத்தில் நாலு ரத வீதியைச் சுற்றி வந்து நிலையில் நின்றுவிட்டால், மறு ஆனி வரையில் அதற்கு ஓட்டமே கிடையாது. இதைவிடக் குறைவாக ஓடிய வண்டி எது? ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் அச்சைப் பார்க்கிறார்கள், சக்கரத்தைப் பார்க்கிறார்கள், வடத்தைப் பார்க்கிறார்கள். அப்படியும் 2024-ஆம் ஆண்டுத் தேரோட்டத்தில் வடம் திரும்பத் திரும்ப அறுந்தது. திருவாரூர் ஆழித்தேரோ பல வருஷம் ஓடாமல் நிலையிலேயே நின்றது. 1970-இல் அதை மறுபடியும் ஓட்ட விரும்பியபோது, திருச்சி பாய்லர் தொழிற்சாலையார் இரும்பு அச்சும் பிரேக்கும் அமைத்துக் கொடுத்த பிறகே தேர் வீதிக்கு வந்தது. நின்ற தேரை ஓட்டுவது ஓடுகிற தேரை ஓட்டுவதைவிடச் செலவு.

காரும் அப்படித்தான். ரப்பருக்கு மைல் கணக்குத் தெரியாது. வருஷக் கணக்குத்தான் தெரியும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் டயர் இறுகி வெடிக்கும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தைக் குடித்து, உள்ளிருந்தே குழாயை அரிக்கும். பெட்ரோல் தொட்டியில் கிடக்கும் எண்ணெய் பிசினாகும்; இப்போது வரும் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களுக்கு ஆகாது. இயந்திரத்துக்குள் ஓடும் பெல்டை, தூரம் ஆகாவிட்டாலும், குறித்த வருஷத்தில் மாற்றியே தீர வேண்டும். மாற்றாமல் அது அறுந்தால் பல கார்களில் இயந்திரமே பாழ். வண்டி நிற்கும் இடம் செங்கோட்டைக் கணவாயில் சாரல் காற்று புகுந்து வரும் பக்கமானால், தகட்டுக்கு அடியில் துரு சத்தமில்லாமல் தன் வேலையைச் செய்யும்.

மீட்டர் சொல்வதெல்லாம் உண்மை என்றும் இல்லை. பழைய கார்களின் மீட்டரில் ஐந்து இலக்கந்தான். 99,999-க்கு அப்புறம் மறுபடியும் பூஜ்யம். இருபதாயிரம் என்று காட்டுவது ஒரு லட்சத்து இருபதாயிரமாக இருக்கலாம். கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டினவர்களும் உண்டு. பிற்காலத்து மின்சார மீட்டரைத் திருத்துவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். உண்மையே சொல்கிற மீட்டர்கூட எந்தத் தூரம் என்று சொல்லாது. வள்ளியூர்ச் சாலையில் ஓடிய நூறு கிலோமீட்டரும், மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறி இறங்கிய நூறு கிலோமீட்டரும் மீட்டருக்கு ஒன்றுதான். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒன்றல்ல.

எல்லாவற்றுக்கும் மேலான சாட்சியம் தாமிரபரணி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறு கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியில் தண்ணீர் புகுந்தது. தெருவிலும் வீட்டுக் கொட்டகையிலும் நின்ற வண்டிகள் அப்படியே முழுகின. வண்டியின் கம்பிகளுக்கு உள்ளும் ஆசனத்துக்கு அடியிலும் சேறு புகுந்தது. அந்த இரண்டு நாளும் அவற்றின் மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறவில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர், பாளையங்கோட்டைக்காரர், ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் தம் இளமைக் கால ஆசை ஒன்றைத் தீர்த்துக்கொள்ள நினைத்தார். அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஒரு வண்டி, பதினெட்டாயிரம் கிலோமீட்டர். மகள் கல்யாணத்துக்கென்று ஒதுக்கியதிலும் கொஞ்சம் தொட வேண்டியிருக்கும் என்ற அளவுக்கு விலை. "அண்ணாச்சி, வண்டி வெயிலையே பாத்ததில்ல பாத்துக்கிடுங்க" என்றார் விற்பவர். நண்பர் கூட அழைத்துப் போயிருந்த வண்ணார்பேட்டை மெக்கானிக் மீட்டர்ப் பக்கமே போகவில்லை. குனிந்து டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த நாலு எண்ணைப் பார்த்தார். அது டயர் செய்த வாரத்தையும் வருஷத்தையும் சொல்லும். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தார். "ஸர்வீஸ் பில்லு இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். முதல் மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒரு பில்லும் இல்லை. "நிக்க வச்ச வண்டி இது; பாத்துக்கிட்ட வண்டி இல்ல" என்று திரும்பிவிட்டார். நண்பர் பிறகு தொண்ணூறாயிரம் ஓடிய வேறொரு வண்டியை, இருபது வருஷத்து பில் கட்டோடு, பாதி விலைக்கு வாங்கினார். வாரத்துக்கு ஒரு முறை அதில் பாபநாசம் வரை போய் வருகிறார். கல்யாணப் பணம் பாங்கியில் இருக்கிறது.

அந்த மெக்கானிக் சொன்ன ஒரு வாக்கியத்தில் இந்த வியாபாரத்தின் தர்மமெல்லாம் அடங்கிவிட்டது. நிற்க வைத்தல் வேறு, பார்த்துக்கொள்ளுதல் வேறு. மாதம் இரண்டு முறை இயந்திரம் சூடேற ஓட்டி, காலத்தில் எண்ணெயும் பெல்டும் டயரும் மாற்றி, அதற்கெல்லாம் சாட்சியாகக் காகிதமும் வைத்திருக்கிற வண்டிக்கு அதிக விலை கேட்டால் கொடுக்கலாம். அது அந்த மனிதர் இருபது வருஷம் செலவிட்ட கவனத்துக்குக் கூலி. வெறும் எண்ணைக் காட்டிக் கேட்டால், வாங்குகிறவர் முதலில் விற்பவருக்கும் பிறகு பட்டறைக்குமாக இரண்டு தடவை பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

சட்டமும் இந்த வண்டிகளுக்குச் சலுகை காட்டுவதில்லை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்கே பாரம்பரிய வாகனம் என்ற தனிப் பதிவு. இருபது இருபத்தைந்து வயது வண்டி சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய வண்டி. பதினைந்து வருஷம் ஆனபின் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தகுதி காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

மெக்லாரனை வாங்கியவருக்கு இந்தக் கவலை இல்லை. அவர் வாங்கியது வண்டியை அல்ல, நின்றுபோன காலம் ஒன்றை. சித்திரத்தையும் சிலையையும் வாங்குவதைப் போன்றது அது. அதற்கு இஷ்டப்பட்ட விலை கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. நம்மில் பெரும்பாலோர் வாங்குவது ஏறி உட்கார்ந்து போவதற்கு. அப்படி வாங்குகிறவர் சந்தையில் மாடு பார்ப்பவரிடம் பாடம் கேட்க வேண்டும். பல்லைப் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பணத்தை எண்ணுவதற்கு முன்னால், நாலு அடி நடத்தியும் பார்க்கட்டும்.