மகாஸித்

இரத்தினபுரி மாணிக்கக் குழியில் சம்பளத்தைவிடப் பங்குதான் பழைய பேச்சு. நிலக்காரருக்கு ஒன்று, தண்ணீர் இறைக்கும் மெஷின்காரருக்கு ஒன்று, இறங்கித் தோண்டுபவர்களுக்கு ஒன்று. கல் கிடைக்காவிட்டால் பிரிக்கவும் ஒன்றுமில்லை. வட்டிக்குப் பதில் இஸ்லாமிய வங்கி முன்வைக்கும் இலாப நட்டப் பங்கும் ஏறக்குறைய இதுதான்.

அந்த வங்கி சொன்னபடி நடக்கிறதா என்று அளப்பதற்கான சொல் 'மகாஸித்'. 'மக்ஸத்' என்ற அரபுச் சொல்லின் பன்மை. நோக்கங்கள் என்று பொருள். நாடுதல், குறிவைத்தல் என்பது வேர்ப்பொருள். காக்க வேண்டியவை ஐந்து என்றார் இமாம் கஸ்ஸாலி: மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம். 2008இல் மலேசியாவில் சில ஆய்வாளர்கள், அறிஞர் அபூ ஸஹ்ரா வகுத்த கல்வி, நீதி, பொதுநலன் என்ற மூன்றை எடுத்து, பயிற்சிச் செலவு, ஸகாத் என்னும் கட்டாயக் கொடை, உற்பத்தித் தொழிலுக்குப் போன பணம் என்று கணக்காக்கினார்கள்.

இலங்கையில் 2005இன் வங்கிச் சட்டத் திருத்தம் இஸ்லாமிய வங்கிமுறைக்கு வழிவிட, 2011இல் அமானா வங்கி தொடங்கியது. 'ஹலால்' என்பது ஒப்பந்தத்தைப் பார்க்கும். மகாஸித் பலனைக் கேட்கும். இரண்டாவதுதான் கடினம். கேகாலைத் தோட்டத்து லயத்தில் வாரக் கடன் கட்டும் பெண்ணுக்கு 'கர்ழ் ஹஸன்' என்னும் வட்டியில்லாக் கடன் எட்டியதா? உங்கள் வங்கியின் ஆண்டறிக்கையில் அதைச் சொல்லும் வரியைத் தேடிப் பாருங்கள்.