புறநகர் நிலப் பயன்பாட்டுத் திட்டம் (சென்னை)

வளரும் புறநகரின் நிலத்தை நீண்டகால நோக்கில் வகைப்படுத்தி, நீர்நிலை, சதுப்பு, வேளாண் நிலங்களுக்குக் காப்பு வரையறுக்கும் சட்டபூர்வ ஆவணம். தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். தாம்பரம், ஆவடி உள்ளிட்ட சென்னைப் புறநகர்களுக்குத் தனித் திட்டம் இல்லை; 1,189 சதுர கி.மீ. பரப்புக்கு 2008இல் ஒப்புதல் பெற்ற இரண்டாம் முழுமைத் திட்டமே (இலக்கு ஆண்டு 2026) பொருந்தும். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் வரைவை வெளியிட்டு, மக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்து, அரசின் ஒப்புதலைப் பெறுகிறது.

ஒவ்வொரு புல எண்ணும் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை முதலிய வகைகளாகப் பிரிக்கப்படுகிறது. செங்குன்றம் நீர்பிடிப்புப் பகுதி, தெற்குக் கடற்கரையின் நிலத்தடி நீர்ச் செறிவுப் பகுதி, பள்ளிக்கரணைச் சதுப்பு ஆகியவற்றில் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. தென்புறநகர் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணையில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. சதுப்பு 2022இல் ராம்சார் தலமானது (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்). நீர்வழிகள் இவ்வாறு இணைந்திருப்பதால், ஏரியை மட்டும் வரைபடத்தில் குறித்து, வரத்துக் கால்வாயையும் உபரிநீர் வெளியேறும் கலங்கலையும் விட்டுவிடுவது காப்பாகாது. அடையாற்றங்கரையிலுள்ள முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் 2015 வெள்ளத்தில் மூழ்கியபின், வெள்ளச் சமவெளியை வரையறுப்பது திட்டமிடலின் முதன்மைத் தேவையாகியுள்ளது.