மகிழுந்துக் குளிரூட்டியும் குளிர்பதன வாயு மாற்றமும்

மகிழுந்துக் குளிரூட்டியிலிருந்து வெப்பக் காற்று வருவதற்குப் பொதுவான காரணம், கசிவால் குளிர்பதன வாயு குறைவதாகும். கத்திரி வெயிலில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் இக்குறை உடனே தெரியும். அதைச் சரிசெய்யும் முறை, வாயுவின் வரலாற்றோடு சேர்ந்தே மாறியது.

வரலாறு

அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1939 இல் குளிரூட்டி பொருத்திய மகிழுந்தை அறிமுகப்படுத்தியது. பின்னர் பல பத்தாண்டுகள் ஆர்-12 என்னும் குளோரோபுளோரோகார்பன் வாயுவே பயன்பட்டது. இவ்வகை வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று 1974 இல் மொலினா, ரோலண்டு ஆகியோர் விளக்கினர். 1987 இல் மொன்றியால் நெறிமுறை உருவானது. இந்தியா 1992 இல் இணைந்தது. ஆர்-12 இன் இடத்தை ஆர்-134ஏ பிடித்தது.

பழுதுநீக்கத்தில் மாற்றம்

ஆர்-12 வண்டிகளில் இருந்த கனிம எண்ணெய் புதிய வாயுவுடன் கலப்பதில்லை. எண்ணெயை மாற்றாமல் வாயுவை மட்டும் நிரப்பினால் கம்ப்ரசருக்கு எண்ணெய் திரும்பாமல் அது பழுதாகும். எனவே எண்ணெயையும் உலர்த்திக் குப்பியையும் மாற்ற வேண்டியிருந்தது.

ஆர்-134ஏ ஓசோனைச் சிதைக்காது. ஆனால் புவியைச் சூடாக்கும் திறனில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,430 மடங்கு வலியது. இவ்வகை வாயுக்களைக் குறைக்கும் 2016 கிகாலி திருத்தத்தை இந்தியா 2021 இல் ஏற்றது.

பேச்சுவழக்கில் 'கேஸ் அடித்தல்' எனப்படும் நிரப்புதல் மட்டும் தீர்வாகாது. கசிவை அடைத்து, வெற்றிடமாக்கி, குறித்த எடையளவு நிரப்புவதே முறை. இல்லையெனில் நிரப்பிய வாயு மீண்டும் வெளியேறி, வெளிக் காற்றையே மேலும் சூடாக்கும்.