பிறர் புகையும் ஆஸ்துமாவும்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்

பீடி, சிகரெட்டின் நுனியிலிருந்து கிளம்பும் புகையும் புகைப்பவர் ஊதிவிடும் புகையும் கலந்து, அருகில் இருப்பவரின் நுரையீரலுக்குள் போவதே பிறர் புகை. இதில் பெரும்பங்கு, ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் இடையில் நுனி தானாக எரியும்போது வருவது. அதிலுள்ள அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு, அம்மோனியா போன்ற வாயுக்களும் நுண்துகள்களும் மூச்சுக்குழாயின் உட்சுவரை வீங்கவைக்கும்; சளியைப் பெருக்கும்; சுற்றியுள்ள தசையைச் சுருங்கச் செய்யும். ஆஸ்துமா உள்ளவருக்கு இளைப்பு வர இது போதும். குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயும் குறுகல், மூச்சும் வேகம். புகைக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு கூடுதல். வந்தால் அடிக்கடி முற்றும். பிறர் புகையில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என 2006இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை அறுதியிட்டது.

1995இல் திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூருக்கும், அதிலிருந்து 2007இல் நிலையாகப் பிரிந்த அரியலூருக்கும் தூசு புதிதல்ல. அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமெண்ட் ஆலைகள், கல் ஏற்றிப்போகும் லாரிகள். பெரம்பலூரில் கல்குவாரிகள், மக்காச்சோளம் அடிக்கும் காலத்துச் சுணை. இரண்டிலும் விறகடுப்பு இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. இத்தனைக்கும் நடுவே பீடிப் புகை கணக்கில் வராமல் தப்பிவிடுகிறது. பிள்ளைக்கு ‘வீசிங்’ என்றால் லாரியைக் கைகாட்டுவது எளிது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் லாரிப் புழுதியை ஒரு குடும்பம் நிறுத்த முடியாது, திண்ணையில் எரியும் பீடியை நிறுத்தலாம்.

பொது இடத்தில் புகைப்பதற்கான தடைக்கு வழிவகுத்தவை நீதிமன்றங்கள். 1999இல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பது பிறரின் உயிர்வாழும் உரிமையைப் பறிப்பது என்றது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், அரசு அலுவலகம், பேருந்து, ரயில் ஆகியவற்றில் புகைக்கத் தடை விதித்தது. 2003இல் புகையிலையைக் கட்டுப்படுத்தும் மத்தியச் சட்டம் வந்தது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் திருத்திய விதிகள் அமலாயின. அபராதம் 200 ரூபாய் வரை.

விதிகளைப் படித்தால் கடுமையாகத்தான் இருக்கின்றன. பேருந்து நிலையம் திறந்தவெளி என்று சொல்லித் தப்ப முடியாது, அதுவும் பொது இடமே. ரயில் நிலையமே இல்லாத பெரம்பலூருக்கு இந்த விதி முக்கியம், ஊரே கூடும் இடம் அதுதான். 60 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். பொது இடத்தில் சாம்பல் தட்டு, தீப்பெட்டி, லைட்டர் எதையும் தரக்கூடாது. உணவகங்களில் 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் வசதியுள்ளவை மட்டுமே தனிப் புகையறை வைக்கலாம்; நாலு பெஞ்சு போட்ட டீக்கடைக்கு அந்தச் சலுகையும் இல்லை. நடைமுறையில் கடை வாசலில் கயிற்றில் கட்டிய லைட்டர் தொங்குகிறது. பற்றவைப்பவர் ஓரடி தள்ளி நிற்கிறார், புகை பெஞ்சுக்கே திரும்பி வருகிறது.

தடையால் ஆஸ்துமா குறையுமா என்பதற்கு நல்ல சான்று ஸ்காட்லாந்திலிருந்து கிடைக்கிறது. அங்கு 2006 மார்ச்சில் தடை வருமுன், ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 15 வயதுக்கு உட்பட்டோர் எண்ணிக்கை ஆண்டுக்கு 5.2 விழுக்காடு ஏறிவந்தது. பிறகு ஆண்டுக்கு 18.2 விழுக்காடு இறங்கியது. தடை வந்த மதுக்கூடங்களுக்குக் குழந்தைகள் போவதில்லை. வெளியே புகைப்பதை விட்டவர்கள் வீட்டுக்குள்ளும் குறைத்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் கண்ட விளக்கம். டண்டீ நகர மதுக்கூடப் பணியாளர்களில் ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தடைக்குப் பின் மூச்சுக்குழாய் அழற்சியும் தணிந்தது.

இந்தியாவில் வீடு சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. 2016–17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 38.7 விழுக்காட்டினர் வீட்டில் பிறர் புகைக்கு ஆளாகின்றனர்; மூடிய பணியிடங்களில் வேலை செய்வோரில் அங்கு ஆளாவோர் 30.2 விழுக்காடு. சன்னலைத் திறப்பதும் மின்விசிறியைப் போடுவதும் புகையை அறை முழுக்கப் பரப்புமே தவிர முழுதாக நீக்காது. வாசலில் நின்று புகைத்தாலும் கதவு வழியே ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். சட்டையிலும் பாயிலும் படிந்த புகையின் நச்சு பின்னும் கசிந்துகொண்டிருக்கும். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் இன்ஹேலரும், வீட்டில் புகை ஓயாதவரை, எதிர்பார்த்த அளவு பலன் தராமல் போகலாம்.