வீட்டு ஃபிரிட்ஜில் 80 ரத்த சாம்பிள்: 1986ல் வேலூர் லேபில் நடந்தது என்ன?

எனக்கு ஊர் திருவண்ணாமலை. எங்க பக்கம் யாருக்காவது பெரிய வியாதின்னா, வீட்டில் முதலில் வர்ற வார்த்தை "வேலூருக்குக் கூட்டிட்டுப் போங்க"தான். போளூர், கண்ணமங்கலம் வழியா பஸ். அந்த வேலூர் சி.எம்.சி.யின் ஒரு லேபில் 1986 பிப்ரவரியில் நடந்ததுதான் இன்னைக்கு எபிசோட்.

அமெரிக்காவில் எய்ட்ஸ் 1981லேயே பதிவாகிடுச்சு. இங்கே நினைப்பு என்னன்னா, அது மேல்நாட்டு வியாதி, நம்ம ஊருக்கு வராது. டெஸ்டே பண்ணாம கோடில் பக் இல்லைன்னு சொல்ற மாதிரிதான்! மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி பேராசிரியர் சுனிதி சாலமன், தேடிப் பார்த்துடலாம்னு முடிவு பண்ணார். மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு அதையே ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார்.

பாலியல் தொழிலுக்காகக் கைதான பெண்களை சென்னையில் ஒரு காப்பகத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். கணவர் ராமமூர்த்தி ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட, நிர்மலா அங்கே போய் ரத்தம் எடுத்தார். கையுறை கூடக் கிடையாது. மூணு மாசத்தில் 80 சாம்பிளுக்கு மேல் சேர்ந்தது. வைக்க இடம்? வீட்டு ஃபிரிட்ஜ்தான்.

எலைசா டெஸ்ட் பண்ண சென்னையில் வசதி இல்லை. சி.எம்.சி.யில் வைராலஜி பேராசிரியர் ஜேக்கப் ஜான் உதவ முன்வந்தார். நிர்மலாவும் கணவரும் சாம்பிள்களோடு ராத்திரி ரயிலேறி காட்பாடியில் இறங்கினார்கள்.

எலைசாவின் லாஜிக் சிம்பிள். வைரஸுக்கு எதிரா உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தா, தட்டில் இருக்கிற சின்னக் குழியில் நிறம் மாறும். லேபில் இருந்த ஜார்ஜ் பாபுவும் எரிக் சிமோஸும் நிர்மலாவோடு வேலையை ஆரம்பிச்சாங்க. நடுவில் கரண்ட் கட். டீ குடிச்சிட்டு வந்து திறந்து பார்த்தா, ஆறு குழி மஞ்சளா இருந்தது.

சுனிதி சாலமன் குழு அந்த ஆறு பேரிடம் மறுபடி ரத்தம் எடுத்தது. அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் டெஸ்டில் உறுதியாச்சு. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்குன்னு நிரூபிச்ச முதல் ஆதாரம் அதுதான். அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். பிறகு ரத்த வங்கிகளில் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமானது. எத்தனையோ உயிர் பிழைச்சது அதனாலதான்.

ஆனா இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கு. எதுக்கான டெஸ்ட்னு அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை; நிர்மலாவே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கார். பாசிட்டிவ்னு வந்த பெண்கள் பலர், தண்டனைக் காலம் முடிஞ்சும் வெளியே விடப்படவில்லை. விஷயம் உயர்நீதிமன்றம் வரை போன பிறகுதான் கதவு திறந்தது.

சுனிதி சாலமன் 1993ல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தை ஆரம்பிச்சு, 2015ல் இறக்கும் வரை நோயாளிகளோடு இருந்தார். 2017ல் அவர் மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ வந்தது. நிர்மலா ஆய்வேட்டை முடிச்சுட்டு, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தடுப்பூசி வேலைக்குப் போயிட்டார்.

அந்த ஆறு பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஆனா அடுத்த முறை ரத்த தானம் பண்ணும்போது அவங்களை ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.